பினாமி வாட்சுக்கு இருபது சுற்று

காவிரிப் பாசனப் பகுதி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பொய்யே சொல்லாத மனிதர் ஒருவர்தான் தேறியிருப்பார். அவருடைய பிழைப்பு முழுக்கப் போலிச் சரக்கில் நடந்தது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் வரப்போகும் மிராசுதாரின் பேரன்கள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவர்கள் என்று கேள்வி.

வலது கண்ணில் ஒரு கறுப்பு லென்ஸைச் செருகியிருப்பார். மற்ற வாட்ச்காரர்கள் வேலை செய்யும்போது மாட்டி, முடிந்ததும் கழற்றுவார்கள். இவர் கழற்றுவதில்லை. டீக்கடைக்கு அதோடு போவார், கோயிலுக்கு அதோடு போவார். ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசத்திலிருந்து ஒரு முந்திரியை எடுத்து லென்ஸுக்கு நேரே பிடித்து, "முழு முந்திரி இல்ல. உடைச்சது" என்று அறிவித்தார். பெண் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது உடைத்த முந்திரிதான்.

அப்போது கோட்டையில் கதர் போய்க் கரைவேட்டி வந்திருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தைச் சமையற்காரர் பெயரிலும் கணக்குப்பிள்ளை பெயரிலும் காலஞ்சென்ற அத்தை பெயரிலும் எழுதி வைத்திருந்தார்கள். நான் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். அத்தையின் கைநாட்டு அவர் செத்து மூன்று வருடம் கழித்து எப்படி விழுந்தது என்று பகலெல்லாம் ஆராய்ந்துவிட்டு, சாயங்காலம் என் அறைக்குத் திரும்புவேன். அறை லென்ஸ்காரர் கடைக்கு நேர் மேலே. மாடிப்படி அவர் மேஜையை உரசிக்கொண்டு ஏறும். அதனால் தினம் அரைமணி நேரமாவது அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போவேன்.

அதே காலத்தில் வெளிநாட்டு வாட்சுகளும் டெல்டாவில் வந்து குவிந்தன. சில சிங்கப்பூர்ப் பெட்டிகளில் வந்தன. சிலவற்றை வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் கைக்குட்டைக்குள் மறைத்துக் காட்டி விற்றார்கள். டயலில் பெரிய சுவிட்சர்லாந்துப் பெயர் இருக்கும். உள்ளே ஓடுகிற மிஷின் எந்த ஊர்க்காரன் என்று அதற்கே தெரியாது. மூன்று மாதம் ஓடும், பிறகு லென்ஸ்காரரிடம் வரும்.

அவர் பின்மூடியைத் திறந்து பார்ப்பார். அசல் என்றால் "பட்டா வாட்ச்" என்பார். போலி என்றால் "பினாமி" என்பார். பெயர் ஒருத்தன், அனுபவிக்கிறவன் வேறொருத்தன் என்று விளக்கம் சொல்வார். வருவாய்த் துறையில் வேலை பார்த்த எனக்கு அவ்வளவு பொருத்தமான வார்த்தை அதுவரை கிடைத்ததில்லை.

பினாமி என்று சொல்லிவிட்டு விரட்டிவிட மாட்டார். செத்த மிஷினை எடுத்துவிட்டு நல்ல மிஷின் ஒன்றை அதே கூட்டுக்குள் பொருத்திக் கொடுப்பார். எந்த மிஷின் என்பதில்தான் அவருடைய கிறுக்கு ஆரம்பிக்கும். பட்டாவோ பினாமியோ, வாட்சைக் கொண்டுவந்தவர் கடையிலிருந்து கிளம்பி, தெருமுனை அடிபம்பு வரை போய்த் திரும்பி நடந்து வர வேண்டும். லென்ஸ்காரர் வாசலில் நின்று பார்ப்பார். நடை சரியாகப் பிடிபடவில்லை என்றால் இன்னொரு தடவை நடக்கச் சொல்வார். கடைத்தெருவில் யாராவது காரணமில்லாமல் பம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், புது வாட்ச் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

கை வீசி நடக்கிறவருக்கு ஆட்டோமேட்டிக் மிஷின். கை ஆட ஆட அதுவே சாவியை ஏற்றிக்கொள்ளும். கை ஆடாதவருக்குத் தினம் சாவி கொடுக்கிற மிஷின். கழனியில் இறங்குகிறவருக்கு, அச்சு தேயாமலிருக்கப் பொடிக் கல் பதித்த கனமான பதினேழு கல் மிஷின், குமாஸ்தாவுக்கு மெல்லிசு. கட்சிப் பேச்சாளர் ஒருவர் நடந்து காட்டத் தேவையில்லை, பேசிக் காட்டினால் போதும் என்று சலுகை பெற்றார். நாலு வார்த்தை பேசுவதற்குள் கை ஒன்பது தடவை மேலே போனது. "உங்களுக்கு ஆட்டோமேட்டிக். ஒரு பொதுக்கூட்டம் பேசினா மூணு நாளைக்கு ஓடும்" என்று சான்று வழங்கினார். மிருதங்க வித்வான் ஒருவரின் இரண்டு கைகளையும் பத்து நிமிஷம் பார்த்தார். அப்புறம் வாட்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் தாசில்தார் விஷயம் இன்னும் சிக்கல். அவருடையது அசல் ஆட்டோமேட்டிக், சுத்தமான பட்டா வாட்ச். ஆனால் கட்டினால் மதியத்துக்குள் நின்றுவிடும். லென்ஸ்காரர் ஆபீசுக்கே வந்து, ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து தாசில்தாரைக் கவனித்தார். பிறகு எழுந்து, "வாட்ச்சுல குத்தம் இல்லீங்க. நீங்க அசையவே மாட்டேங்கறீங்க" என்றார். சாவி கொடுத்து ஓட்டவும் முடியாத ரகம் அது, குமிழைத் திருகினால் வெறுமனே சுற்றும். கடைசியில் அவர் சொன்ன வைத்தியப்படி, காலை பத்து மணிக்குப் பியூன் அந்த வாட்சைத் தன் கையில் கட்டிக்கொள்வார். நாள் முழுக்க ஃபைலும் டீயுமாக ஓடிவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுப்பார். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. எங்கள் ஆபீஸ் மொத்தமும் அதே முறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

லென்ஸ்காரருக்கு இரண்டு விரதங்கள் இருந்தன. வாட்சின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்கூடப் பொய் சொல்லக் கூடாது. அதை வாட்சின் சொந்தக்காரரைத் தவிர வேறு ஆளிடம் சொல்லவும் கூடாது. இரண்டையும் முப்பது வருடமாகக் காப்பாற்றி வந்தார். இரண்டும் ஒருநாள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மோதலைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் மிராசுதார். ஐம்பது வயது, அகலமான ஆள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார். அவருக்குச் சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் ஒரு தங்கமுலாம் வாட்ச் கொண்டுவந்து கொடுத்தார். டயலில் பெயரும், அதற்குக் கீழே ஆட்டோமேட்டிக் என்றும் பொடி எழுத்தில் இருக்கும். மிராசுதார் அதைக் காட்டாத ஆள் கிடையாது. களத்தில் நின்று, "சாவியே வேண்டாம். நம்ம ரத்த ஓட்டத்துல ஓடுது" என்று சொல்லி வேலையாட்கள் எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்கிப் பிடிப்பார். அந்தத் தூக்கலில்தான் அது மூன்று மாதம் ஓடியது. நான்காவது மாதம் ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது, வாட்ச் நின்றுவிட்டது.

அவர் கடைக்கு வந்தபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். லென்ஸ்காரர் மூடியைத் திறந்தார், பார்த்தார், நான் இருப்பதை மறந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"பினாமி."

மிராசுதாரின் முகம் சுருங்கிவிட்டது. பதினொரு பினாமி வைத்திருந்த மனிதர், பன்னிரண்டாவது தன் கையிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஊர் சிரிப்பது இருக்கட்டும், மைத்துனர் கொடுத்தது போலி என்று வீட்டம்மாவிடம் சொல்லும் தைரியம் தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த மிராசுதாருக்கும் கிடையாது. வெளியே தெரியக் கூடாது என்று கெஞ்சினார். லென்ஸ்காரர் அவரையும் பம்பு வரை நடக்கவிட்டார், அவரும் நடந்தார். பெங்களூரில் செய்த, சாவி கொடுக்கிற பதினேழு கல் மிஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்கே" என்றார் மிராசுதார்.

"டயலு பாக்கறவனுக்கு, மிஷினு உங்களுக்கு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நடக்கறவங்களுக்கு ஆட்டோமேட்டிக் பட்டினி கிடந்து செத்துடும். இது ராஜா மிஷினு. காலையில இருபது சுத்து சாவி கொடுங்க, உங்களுக்குப் பிறகும் ஓடும்."

மிராசுதார் போன பிறகு, லென்ஸ்காரர் என் கையைப் பிடித்து, வாட்ச் கழுவுகிற பெட்ரோல் கிண்ணத்தின் மேல் வைத்து, கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்று இரவு நான் சாப்பிட்ட இட்லியில் பெட்ரோல் வாசனை வந்தது.

சம்பா நடவு தொடங்கியது. மிராசுதாருக்குச் சாவி கொடுக்க இடம் கிடைக்கவில்லை. இருபது சுற்று என்பது ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை. ரத்தத்தில் ஓடுகிற வாட்சுக்கு ஊர் பார்க்கச் சாவி கொடுக்க முடியுமா? படுக்கையறையில் வீட்டம்மா இருந்தார். கொல்லைப்புறத்தில் விடியும் முன்பே ஆட்கள் வந்து நின்றார்கள். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாலு சுற்று, ஐந்து சுற்று கொடுப்பார். அதற்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். காலையில் ரேடியோ செய்தி கேட்டு நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்வார், அதனால் நடவுக்குப் பெண்கள் இறங்கும் நேரம் அச்சாகச் சரியாக இருக்கும். மதியத்துக்கு மேல் சாவி இறங்கி மிஷின் சோர்ந்துவிடும். சாயங்காலம் அவருடைய ஐந்து மணி வருவதற்குள் ஊருக்கெல்லாம் ஐந்தரை ஆகிவிடும்.

வேலை நேரம் ஐந்து மணியோடு முடியும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடி வாங்கியிருந்தது. அந்த ஐந்து எந்தக் கடிகாரத்தின் ஐந்து என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாற்பது பெண்கள் குனிந்த முதுகோடு அரைமணி நேரம் கூடுதலாகச் சேற்றில் நின்றார்கள். கரையில் தூளியில் கிடந்த கைக்குழந்தைகள் அந்த அரைமணியை அழுதே கழித்தன.

நடவுப் பெண்களில் மூத்தவர் அஞ்சலை. அவருடைய மாமியார் காலத்தில் மிராசுதாரை ஆண்டை என்று கூப்பிடுவார்கள். அஞ்சலை ஐயா என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். நாலு ஐம்பது பாசஞ்சர் வயலுக்கு அந்தப் பக்கம் போகும்போது அவர் நிமிர்ந்து, "ஐயா, ரயிலு போயிடுச்சு" என்பார். மிராசுதார் வாட்சைப் பார்த்து, நாலு இருபதுதான் ஆகிறது, ரயில் முன்கூட்டியே வந்துவிட்டது என்பார். இந்த தேசத்தில் தினமும் ரயில் அரைமணி முன்கூட்டி வருகிறது என்று வாதாடிய ஒரே மனிதர் அவர்தான்.

ஒன்பதாம் நாள் அஞ்சலை கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்துவிட்டுக் கரையேறினார். நாற்பது பேரும் ஏறினார்கள். மறுநாள் யாரும் இறங்கவில்லை. மிராசுதார் வேண்டுமென்றே வாட்சைத் தள்ளி வைத்து உழைப்பைத் திருடுகிறார் என்று சங்கம் சுவரில் எழுதியது. வெளியூர் ஆளைக் கூட்டி வருவோம் என்று பண்ணை பேசியது. வந்தால் கைகலப்பைத் தாண்டி அரிவாள் வரை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் போனது. நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியது. இன்னும் இரண்டு நாள் விட்டால் நட்டும் பயனில்லை. பண்ணைக்கு விளைச்சல் போகும், பெண்களுக்குக் கூலி போகும்.

தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். ஒரு பக்கம் மிராசுதாரும் அவருடைய இரண்டு பங்காளிகளும். எதிரே அஞ்சலை, இன்னும் இரண்டு பெண்கள், சிவப்புத் துண்டு போட்ட சங்கச் செயலாளர். பெண்களுக்கும் நாற்காலி போடச் சொன்னார் தாசில்தார். போட்டார்கள், உட்கார்ந்தார்கள், பங்காளிகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுத நான்.

விவாதம் ஒரே இடத்தில் சுற்றியது. வாட்ச் தாமதமாக ஓடுகிறது என்றார் செயலாளர். ஃபாரின் வாட்ச் தப்பாக ஓடாது என்றார் ஒரு பங்காளி. மிராசுதார் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தாசில்தாருக்குத் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. வாட்சைப் பற்றிய சண்டையை வாட்ச்காரர் தீர்க்கட்டும் என்றார். தாசில்தாரின் வாட்சோடு பியூன் ஓடிப்போய் லென்ஸ்காரரை அழைத்து வந்தார்.

லென்ஸ்காரர் வந்து, விஷயத்தைக் கேட்டு, மிராசுதாரின் வாட்சைக் கையில் வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். உள்ளதைச் சொன்னால் தன்னை நம்பிக் கொடுத்தவரின் மானம் போகும். சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்கள் சேற்றில் நிற்பார்கள், அல்லது நிற்க மறுத்து ஊரே ரத்தம் பார்க்கும். மிராசுதாரின் கழுத்தில் வேர்வை ஓடியது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படிக் கண்ணால் கெஞ்சி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

செயலாளர் எழுந்து, மூடியைத் திறந்து எல்லோருக்கும் காட்டச் சொன்னார். பங்காளி ஒருவரும், காட்டட்டுமே, எங்களுக்கென்ன பயம் என்று சேர்ந்துகொண்டார். அவருக்கு விஷயம் தெரியாது, பாவம்.

அஞ்சலைதான் குறுக்கே பேசினார். "அதத் தொறந்து பாத்து எங்களுக்கு என்னங்க ஆவப்போவுது? உள்ள தங்கமிருந்தா என்ன, தவிடு இருந்தா என்ன. அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்குக் கரையேறணும். அவ்வளவுதான்."

லென்ஸ்காரர் அந்தம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிராசுதாரை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். தாலுகா ஆபீசில் அடிபம்பு இல்லாததால் பீரோவைத் தொட்டுவிட்டுத் திரும்பச் சொன்னார். மிராசுதார் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார். அடுத்து அஞ்சலையை நடக்கச் சொன்னார். அஞ்சலை வயலுக்குப் போகிற வேகத்தில் கை வீசிப் போய், பீரோவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார். தாசில்தார் எதற்கு இது என்று கேட்கவில்லை, அவருக்கு அனுபவம் இருந்தது.

"ஆட்டோமேட்டிக் வாட்ச் கை வீசினாத்தான் ஓடும். ஐயா கை ஆடல. சாவி ஏறலன்னா எந்த மிஷினும் சாயங்காலம் பின்தங்கும். இதுல யாரும் யாரையும் ஏமாத்தல" என்றார் லென்ஸ்காரர். "இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பகல்ல இந்த வாட்ச் அந்தம்மா கையில இருக்கணும். இங்க பியூன் கட்டிக்கிறாரு பாருங்க, அது மாதிரி."

பங்காளிகள் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். செயலாளர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், அந்த வருடத்துப் புரட்சி அந்த மேஜையிலேயே முடிந்துவிட்டது போல. அஞ்சலை தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மிராசுதார் மெல்ல, "இன்னொரு வழி?" என்றார்.

லென்ஸ்காரர் லென்ஸின் விளிம்பை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"காவிரித் தண்ணி பாயற பூமியில ஈரம் ஜாஸ்தி. இந்த ஈரத்துக்கு எந்த ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும் தெனம் காலையில இருபது சுத்து சாவி கொடுத்தாகணும். இல்லன்னா பின்தங்கும். வயல்ல வெச்சு, எல்லாரும் பாக்கக் கொடுக்கணும். அந்தம்மா எண்ணணும். ஒரு சுத்து கொறஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். காவிரிக்கும் வாட்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உள்ளே இருப்பது ஆட்டோமேட்டிக்கே கிடையாது. முப்பது வருட விரதத்தை அவர் எங்கள் கண்ணெதிரே உடைத்துக்கொண்டிருந்தார், அது எனக்கும் மிராசுதாருக்கும் மட்டும் தெரிந்தது. மிராசுதார் எழுந்து நின்று, "சம்மதம்" என்றார். முதல் வழிக்குப் பயந்துதான் இரண்டாவதை ஒப்புக்கொண்டார் என்று பங்காளிகள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒப்பந்தத்தின் நாலாவது ஷரத்தை நான்தான் எழுதினேன். பண்ணையின் கைக்கடிகாரத்துக்கு ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் வரப்பில் வைத்து, தொழிலாளர் முன்னிலையில், இருபது சுற்றுச் சாவி கொடுக்கப்பட வேண்டியது. இருதரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். தாசில்தார் அசைந்து முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை வேடிக்கை பார்க்கப் போனேன். வரப்பில் மிராசுதார் நின்று சாவி கொடுத்தார். அஞ்சலை ஒண்ணு என்றார். மற்ற பெண்கள் ரெண்டு என்றார்கள். அதற்கப்புறம் நடவுப் பாட்டுக்கு இழுப்பதுபோல் நாற்பது பேரும் இழுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். குளியலறையில் ஒளிந்து ஐந்து சுற்றுக்குத் தவித்த மனிதர், அரசாங்க முத்திரையோடு, நடுவயலில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருபது சுற்றும் கொடுத்தார். அன்று சாயங்காலம் பாசஞ்சர் போன பத்தாவது நிமிஷம் அவர் கையைத் தூக்கி, "அஞ்சு" என்றார். ரயில் அன்றைக்கு முன்கூட்டி வரவில்லை.

அதே நாள் லென்ஸ்காரர் கடை பூட்டியிருந்தது. அடுத்த நாளும் பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் பின்தெருவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணில் லென்ஸ் இல்லை. அந்த வலது கண்ணை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மற்றக் கண்ணைவிடச் சிறியதாக, வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு இருந்தது.

"தம்பி, நான் சொன்னது எழுத்துல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுண்ணே. நாலாவது ஷரத்து."

"அந்த ஒரு வரிய மட்டும் அழிக்க முடியாதா?"

"முத்திரை வெச்சாச்சுண்ணே. இனிமே காவிரியே வந்து இல்லேன்னு சொன்னாலும் அழிக்க முடியாது."

அவர் சிரிக்கவில்லை. மிஷினைப் பற்றிப் பொய் சொன்ன கையால் மறுபடி மிஷினைத் தொடக் கூச்சமாயிருக்கிறது என்று சொன்னார். சாவி கொடுத்த முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண்கள் ஐந்து மணிக்குக் கரையேறியதையும், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன். நாற்பது பேர் எண்ணிய விதத்தைப் பாடியும் காட்டினேன். எனக்குப் பாட வராது. அதற்குத்தான் அவர் லேசாகச் சிரித்தார். கடைசியில், "மிஷினு நிமிஷம் பிசகாம ஓடுதில்ல?" என்று மட்டும் கேட்டார். ஓடுகிறது என்றேன். லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

கடை திறந்ததும் கூட்டம் நெருக்கியது. தாலுகாவில் ஆட்டோமேட்டிக் வைத்திருந்தவர்கள் எல்லோரும், காவிரி ஈரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டுமாமே, எத்தனை சுற்று என்று கேட்க வந்துவிட்டார்கள். சீர்காழியிலிருந்துகூட ஒருவர் வந்தார். தங்கள் ஊரில் கடல் காற்றும் இருப்பதால் இருபத்தைந்து சுற்றா என்று கேட்டார். லென்ஸ்காரர் ஒவ்வொருவரிடமும் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், பம்பு வரை நடந்து காட்டச் சொல்லிச் சமாளித்தார். எங்கள் தாசில்தாரும் காலையில் வாட்சைப் பியூனிடம் கொடுக்குமுன் தன் கையால் இருபது சுற்று சுற்ற ஆரம்பித்தார். அது வெறும் சுற்று. வாட்ச் ஓடியது பியூனின் கையால்தான். ஓய்வு பெறும்வரை அது தன் சாவியால் ஓடியதாகத்தான் தாசில்தார் நம்பினார்.

அறுவடை முடிந்து ஒருநாள் மிராசுதார் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலில் இருந்தேன். நன்றி என்றோ வேறு எதுவோ சொல்லத்தான் வந்திருப்பார். வாட்சைக் கழற்றி, பிரித்துக் கழுவி எண்ணெய் போடக் கொடுத்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில் விறைப்பாக வீசிக்கொண்டிருந்தன. வீட்டில் பழகியிருப்பார் போலும். லென்ஸ்காரர் வாசலுக்கு வந்து அவர் பம்பைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப வேணும்னா ஆட்டோமேட்டிக் போடலாம்" என்றார் என்னிடம். போடவில்லை. நாலாவது ஷரத்து இருந்ததே.

எனக்கு அப்புறம் மாற்றல் வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போய், ஓய்வும் பெற்றாயிற்று. லென்ஸ்காரர் காலமான செய்தி மூன்று மாதம் பிந்தித்தான் எனக்குக் கிடைத்தது. போன தீபாவளிக்கு என் மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச் பேட்டரியில் ஓடுகிறது. சாவியே கிடையாது, பக்கத்தில் இருக்கிற குமிழ் நேரத்தைத் திருத்துவதற்கு மட்டும். தினம் காலையில் காபி குடித்ததும் அந்தக் குமிழை இருபது தடவை திருகுகிறேன். மனதுக்குள் நாற்பது பெண்கள் இழுத்து எண்ணுகிறார்கள். பேட்டரி வாட்சுக்கு எதற்கு இது என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். காவிரி ஈரம் என்கிறேன், நாங்கள் இருப்பது சென்னையில்.

அந்த மனுஷர் ஆயுசில் சொன்னது ஒரே ஒரு பொய். அது பொய்யென்று தெரிந்தும் அதை நம்புகிற ஆள் ஒருத்தராவது அவருக்கு இருக்க வேண்டாமா?